சுகர் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால்

என் மகளுக்கு ஒன்பது வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. கோத்தகிரியிலிருந்து கோவைக்கு பஸ்ஸில், வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு போய் வந்ததில் இன்சுலின் போட நன்றாகவே கற்றுக்கொண்டோம். அவள் மனசைத்தான் பார்க்கத் தவறிவிட்டோம். நீண்டநாள் நோயோடு வளரும் குழந்தைகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம்.

பள்ளி விட்டு வந்ததும் பையை இறக்கக்கூட விடாமல் "சுகர் எவ்வளவு?" என்று கேட்பேன். எண் கூடியிருந்தால் என் முகம் மாறும், அதைப் பார்த்துப் பார்த்து அவள் பொய் எண் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இப்போது "இன்னைக்கு யார் கூட உட்கார்ந்தே?" என்பதுதான் முதல் கேள்வி, அப்புறம்தான் மீட்டர். நல்ல சுகர், கெட்ட சுகர் என்று சொல்வதையும் விட்டுவிட்டோம்.

"சாக்லேட் கொடுத்தே கெடுத்துட்டீங்க" என்று உறவினர் ஒருவர் அவள் எதிரிலேயே சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். டைப் 1 இனிப்பால் வருவதே இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருகிறது. தன் தப்பால்தான் வந்தது என்று அவள் பல மாதம் நம்பியிருக்கிறாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. இப்படி யாராவது பேசினால் அங்கேயே, குழந்தை காதில் விழும்படி மறுத்துச் சொல்லுங்கள். பஸ் செலவு, போன கூலி பற்றிய பேச்சும் குழந்தை எதிரில் வேண்டாம்.

மூலையில் உட்கார்ந்து அழுதால்தான் மனச்சோர்வு என்று காத்திருக்காதீர்கள். குழந்தைகளிடம் அது பல நேரம் எரிச்சலாகவே வெளிப்படும். சுகர் இறங்கினாலும் எரிச்சல் வரும் என்பதால் முதலில் மீட்டரைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் இரண்டு வாரமாகச் சிடுசிடுப்பு, தூக்கமின்மை, பிடித்த விளையாட்டில்கூட ஆர்வமில்லை, ஊசியை ஒளித்துத் தவிர்க்கிறாள் என்றால் அடம் என்று தள்ளாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பி.டி. பீரியடில் அவளை மட்டும் வகுப்பில் உட்காரவைத்தார்கள், நாங்களும் நல்லதற்கென்று சும்மா இருந்தோம். சுகர் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஏதாவது சாப்பிட்டு, பாக்கெட்டில் குளுக்கோஸோடு அவள் தாராளமாக ஓடலாம் என்பது டாக்டரைக் கேட்டபிறகுதான் தெரிந்தது. அளவு கணக்கிட்டு இன்சுலின் போட்டால் வர்க்கிகூடச் சாப்பிடலாம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோயுள்ள பழங்குடிக் குழந்தைகளுக்குக் குளிரில் வலி கிளம்பும். வெளியே எதுவும் தெரியாது. அவர்களைத் தயவுசெய்து சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

குழந்தை "செத்துடலாம் போல இருக்கு" என்றால் வாயை அடக்காதீர்கள். நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மருந்தை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு, தனியே விடாமல், அன்றைக்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.