மரத்துக்கு முன்னால் சுவரைப் பாருங்கள்

வெளிச்சுவரில் பலகை அடிக்கணும் என்று வருகிறவர்கள் எடுத்த எடுப்பில், "தேக்கா, வேங்கையா ஆசாரி?" என்பார்கள். எந்தப் பக்கத்துச் சுவர் என்று நான் திருப்பிக் கேட்பேன். குளிர் நாட்டு மர வீடுகளில் மழையைத் தடுப்பதே பலகைதான். நமக்கு அந்த வேலையைச் செங்கல் செய்கிறது. அதனால் நாலு பக்கமும் மரம் போட வேண்டிய கட்டாயம் இல்லை. அது பிழைக்கிற இடமாகப் பார்த்துப் போடலாம்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் கடல் கிழக்கே. ஐப்பசி கார்த்திகை அடைமழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்தோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்து புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ கடலைப் பார்த்த சுவருக்குப் பலகை கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். மேற்குச் சுவர் வேறு. மதிய வெயில் முழுக்க அதில்தான் விழும். இடைவெளி விட்டுப் பலகை அடித்தால் சுவருக்கு நிழல் கிடைக்கும், ராத்திரி அந்த அறையில் புழுக்கம் குறையும். தெற்குச் சுவரென்றால் மேலே இரண்டடி சன்ஷேடாவது இருக்கட்டும்.

இனி மரம். தேக்கு நல்லது என்பது பாதி உண்மை. தேக்கின் வைரம்தான், அதாவது நடுவில் இருக்கும் கருத்த கெட்டிப் பகுதிதான் நல்லது. ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளையைக் கரையானும் உளுவும் விட்டுவைக்காது. இளம் தோட்டத் தேக்கில் வெள்ளையே அதிகம். சிலர் சாயம் தடவி மறைத்துவிடுவார்கள். மரவாடியில் பலகை முனையைக் கொஞ்சம் அறுக்கச் சொல்லிப் பாருங்கள், வெட்டுவாயில் தெரிந்துவிடும். வேங்கை உறுதியானது, ஆனால் நனைந்தால் மஞ்சள் கறை விடும். கீழே வெள்ளைச் சுவர் இருந்தால் ஒரே மழையில் கோடு கோடாக இறங்கும். பண்ருட்டிப் பலா வைரம் தாழ்வாரத்துக்குள் அருமை, நேர் மழைக்கு அனுப்பாதீர்கள். பார்சல் பெட்டி பைன் பக்கமே போகாதீர்கள்.

என் விருப்பம், புதுச்சேரியில் பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கிற தேக்கு உத்திரம்தான். பல வருஷம் காய்ந்த மரம், இனி முறுக்காது. உள்ளே ஆணி ஒளிந்திருக்கும், அதைத் தேடி எடுக்காமல் அறுத்தால் வாள் போய்விடும். அறுப்புக்கூலி கூடக் கேட்பார்கள், நியாயம்தான்.

அளவு: ஒரு கன அடி மரத்தை ஒரு அங்குலப் பலகையாக அறுத்தால் 12 சதுர அடி வரும், இழைத்தபின் ஆறு நூல் (முக்கால் அங்குலம்) கனம் நிற்கும். பத்துக்குப் பத்து சுவருக்கு எட்டே கால் கன அடிக்குச் சற்று மேல் என்று கணக்கு வரும். பலகை மேல் பலகை ஏறுவதும் கழிவும் சேர்ந்து பத்தாகிவிடும். பலகைக்கு அடியில் சுவரில் அடிக்கும் ரீப்பர் சட்டம் தனி. பலகை அகலம் ஐந்து அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். அகலப் பலகை வெயிலில் சட்டிபோல் குழியும்.

அடிக்கிற முறையில்தான் ஆயுளே இருக்கிறது. சுவரோடு ஒட்டி அடித்த பலகை பின்பக்கத்திலிருந்து அழுகும், முன்னால் பார்த்தால் தெரியாது. முதலில் ஒரு அங்குல ரீப்பரைச் செங்குத்தாக அடியுங்கள். அதன் மேல் பலகையைக் கிடையாக, மேல் பலகை கீழ்ப் பலகை மேல் அரை அங்குலம் ஏறும்படி. மேலேயும் கீழேயும் காற்றுப் போக வழி விட்டு, பல்லியும் குளவியும் நுழையாதபடி எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வலை கட்டுங்கள். தரையிலிருந்து அரை முழமாவது உயரம் வேண்டும். மழை தெறிக்காது, கரையான் மண் பூசி ஏறினாலும் கண்ணில் படும். இரும்பு ஆணி கூடவே கூடாது. துருப்பிடிப்பதோடு தேக்கில் கறுப்புக் கறையும் இறங்கும். உப்புக்காற்றைத் தாங்கும் 316 தர எஸ்.எஸ். ஸ்க்ரூ வாங்குங்கள். காந்தம் வைத்து அதைவிடக் குறைந்த தரமான 304-ஐயும் 316-ஐயும் பிரிக்க முடியாது, பில்லில் எழுதி வாங்குவதே வழி. துளை போட்டுத்தான் முடுக்க வேண்டும், ஒரு ஸ்க்ரூ இரண்டு பலகையைச் சேர்த்துப் பிடிக்கக் கூடாது. மழையில் மரம் ஊதும், கத்திரியில் சுருங்கும். இடம் கொடுக்காவிட்டால் வெடிக்கும்.

மாட்டுவதற்கு முன்பே நாலு பக்கமும் எண்ணெய் கொடுங்கள். வெட்டுமுனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும், அங்கே இரண்டு மூன்று தடவை. படகு வேலை பார்த்தவர் என் அப்பா. முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயைத்தான் நம்புவார். ரீப்பருக்கும் பலகை முதுகுக்கும் நானும் அதையே பூசுகிறேன். மரத்தைக் கறுப்பாக்கும் என்பதால் பலகையின் முன்முகத்துக்கு ஆகாது. கையில் பட்டால் தோல் வெந்துவிடும், உறை இல்லாமல் தொடாதீர்கள். பலகை முகத்துக்கு, வெயில் தாங்கும் நிறமி கலந்த, மரத்துக்குள் ஊறுகிற வெளிப்புற எண்ணெய். வெறும் ஆளி விதை எண்ணெய் நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். பளபள வார்னிஷ் கேட்பவர்கள் உண்டு; அது உரிந்தால் மொத்தத்தையும் சுரண்டித்தான் மறுபடி பூச முடியும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

பிறகு வருஷா வருஷம், மழை ஓய்ந்து தை பிறந்ததும் நல்ல தண்ணீரில் மென்மையான பிரஷ் போட்டு உப்பைக் கழுவுங்கள். கடலோர போர் தண்ணீரே உப்பு, அது உதவாது. காய்ந்தபின் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் சும்மா விடலாம். உறிஞ்சினால் உப்புத்தாள் லேசாகப் போட்டு, மாசி பங்குனியில் வெயில் சாய்ந்த நேரம் பார்த்து எண்ணெய் கொடுங்கள். புரட்டாசியில் அடிப்பலகைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றினால் போதும். இதற்காகவே வேலை முடியும்போது அதே மரத்தில் நாலு பலகை கூடுதலாக இழைத்து பரண் மேல் போட்டுவையுங்கள். மாற்றிய பலகை முதலில் பளிச்சென்று தனியாகத் தெரியும், ஒரு கோடை வெயில் பட்டால் மற்றதோடு சேர்ந்துவிடும்.