தேடலில் வராத என் தளம்

என் மரபு நெல் தளம் இரண்டு மாதங்களாகியும் கூகுள் தேடலில் தலைகாட்டவே இல்லை. தேடலில் ஒரு தளம் எப்படித் தெரிகிறது என்பதை அதன் உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் கருவியான, 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் எனப்பட்ட சர்ச் கன்சோலில் என் டொமைனை, அதாவது தள முகவரியைச் சேர்த்து, அது தந்த டிஎக்ஸ்டி பதிவை (ஒரு சிறு உரை வரி) டொமைனின் டிஎன்எஸ் (முகவரிப் பதிவேடு) அமைப்பில் இட்டதும் தளம் என்னுடையது என்பது உறுதியானது. துணை டொமைன்கள் (அம்முகவரியின் கிளைகள்) அனைத்தையும் ஒருங்கே உள்ளடக்குவதால் இம்முறையே எனக்குப் பிடித்தது. அக்கருவியின் யூஆர்எல் (பக்க முகவரி) சோதனையில் முகப்புப் பக்கத்தைக் கொடுத்தபோது, தேடலில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் 'நோஇண்டெக்ஸ்' குறிச்சொல்லால் அது விலக்கப்பட்டிருப்பது தெரிந்தது. தளத்தைக் கட்டிய நாட்களில் தேடுபொறிகளைத் தவிர்க்க, தளத்தைக் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் நான் இட்டிருந்த டிக் குறி அப்படியே இருந்திருக்கிறது. அதை நீக்கி, சைட்மேப்பை (தளப் பக்கங்களின் பட்டியல்) சர்ச் கன்சோலில் சமர்ப்பித்து, முக்கியப் பக்கங்களை மட்டும் அட்டவணையிட, அதாவது கூகுளின் தேடல் பட்டியலில் சேர்க்கக் கோரினேன். பத்து நாட்களில் முதல் இம்ப்ரெஷன்கள் வந்தன, அதாவது தேடல் முடிவுகளில் என் பக்கங்கள் காட்டப்பட்டன. 'மாப்பிள்ளைச் சம்பா விதை' என்ற தேடலில் பலமுறை காட்டப்பட்டும் கிளிக்குகள் குறைவாக இருப்பதைச் செயல்திறன் அறிக்கையில் பார்த்து, அப்பக்கத்தின் தலைப்பை இந்த வாரம் திருத்தி எழுதியிருக்கிறேன்.