மூட்டை கட்டிவிட்டு வழி கேட்பது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கக் கிறிஸ்தவ சபைகளில் இப்போது பொறுப்புக்கு வருகிறவர்களில் பலர் இளம் ஆட்கள். சந்தோஷம்தான். ஆனால் கர்த்தருடைய சித்தத்தைக் கேட்டு முடிவெடுப்பதில் எங்கள் தலைமுறை விழுந்த குழிகளிலேயே அவர்களும் விழும்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஜெபிக்காமல் முடிவெடுக்காதே என்பதெல்லாம் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைக்கே தெரியும், அதை விடுவோம்.

முடிவெடுத்த பிறகு ஜெபிப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஏ-9 வீதியிலிருந்து உள்ளே போனால் ஒரு சபை. ஆலயம் கட்டக் காணி பார்த்தார்கள். ஆவணி மாதம், நிலம் வெடித்துக் கிடந்தது, விலையும் மலிவு. முற்பணம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் முழு இரவு ஜெபம் வைத்தார்கள். விடியும்போது இளம் தலைவர் எழும்பி, "இந்தக் காணியைக் கர்த்தர் தந்துவிட்டார்" என்றார். எல்லாரும் ஆமென்.

பின்னால் பாயில் இருந்த ஒரு அம்மா மட்டும் ஆமென் சொல்லவில்லை. அந்தக் குளக்கட்டுக்குக் கீழே காலமெல்லாம் வயல் செய்தவர். குளம் நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று அவருக்குத் தெரியும். ஏன் பேசவில்லை என்று பிறகு கேட்டேன். "கர்த்தர் சொன்னார் எண்டு தம்பி சொல்லிப்போட்டார். அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?"

கார்த்திகையில் அத்திவாரக் கற்கள் முழங்கால் தண்ணீருக்குள் நின்றன. போதாததற்கு அது அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் பல காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. நினைத்தபடி விற்க முடியாது. முற்பணம் போனது போனதுதான்.

எரேமியா 42ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேம் விழுந்த பிறகு மிஞ்சிய சனம், பாபிலோன் ராஜா வைத்த அதிகாரி கெதலியா கொலையுண்ட பயத்தில் எகிப்துக்கென்று புறப்பட்டு, பெத்லகேமுக்குப் பக்கத்தில் தங்கி நிற்கிறது. அங்கே நின்றுகொண்டுதான் படைத்தலைவன் யோகனானும் கூட்டமும் எரேமியா தீர்க்கதரிசியிடம், எங்களுக்காகக் கர்த்தரிடம் கேளும், எது சொன்னாலும் கேட்போம் என்கிறார்கள். 10 நாள் கழித்துப் பதில் வருகிறது: தேசத்திலேயே இருங்கள். உடனே, நீ பொய் சொல்கிறாய் என்று எரேமியாவையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போய்விட்டார்கள். இடம்பெயர்ந்து நடந்த சனம் நாங்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். மூட்டை கட்டிவிட்டு வழி கேட்டதுதான் பிழை.

ஜெபம் தொடங்கமுதல் கமிட்டியில் ஒரு கேள்வி கேளுங்கள்: வேண்டாம் என்று பதில் வந்தால் விடுவோமா? விட மாட்டோம் என்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். "கர்த்தர் சொன்னார்" என்பதற்குப் பதிலாக "எனக்கு இப்படிப் படுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். அந்த அம்மாவும் வாய் திறப்பார். அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் கூடியவர்கள் முதலில் நன்றாகத் தர்க்கம் பண்ணினார்கள். பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று கடிதம் எழுதியது அதற்குப் பிறகு.

விசாரிப்பதை அவிசுவாசம் என்று நினைப்பது

இடிந்த எருசலேமுக்காக நெகேமியா கிஸ்லே மாதத்தில் ஜெபிக்கத் தொடங்கி, ஏறக்குறைய நாலு மாதம் கழித்து நிசானில்தான், அதைக் கட்டப் போகிறேன் என்று ராஜாவிடம் வாய் திறந்தார். எருசலேமுக்கு வந்ததும் இராத்திரியில் போய் இடிந்த மதிலைப் பார்த்தார். நீங்களும் பத்திரத்தைப் பாருங்கள், கிராம அலுவலரைக் கேளுங்கள், காணியை மாரியிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பது

வேண்டாம்.

அடையாளம் கேட்டுக்கொண்டே இருப்பது

யுத்தத்துக்குப் போ என்று கர்த்தர் சொன்ன பிறகுதான் கிதியோன் அடையாளம் கேட்டு மயிருள்ள தோலைக் களத்தில் போட்டார். அது அவருடைய தயக்கம். எங்களுக்கு வழிமுறை அல்ல.

சொன்னதைத் திருத்த வெட்கப்படுவது

ஆலயம் கட்ட ஆசைப்பட்ட தாவீதிடம், மனதில் உள்ளதைச் செய்யும் என்றார் நாத்தான். அன்று இராத்திரியே, தாவீது கட்ட வேண்டாம் என்று கர்த்தருடைய வார்த்தை வந்தது. தீர்க்கதரிசி திரும்பிப் போய் அதைச் சொன்னார். எங்கள் காணித் தம்பியோ, அந்த வெள்ளம் சத்துருவின் தடை என்று அடுத்த மாரி வரைக்கும் பிரசங்கித்துக்கொண்டிருந்தார்.