ஏரிக்கரையிலிருந்து குன்றுக்கு: சென்னைக்கு அருகே ஒரு நாள் நடைக்கான வழிகாட்டி

சென்னையிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய குன்றுகளுக்குப் போகிறவர்களில் பலர் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, உச்சிக்கு ஏறி, படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அப்படிப் போனால் பாறையைப் பார்க்கலாம்; அந்தப் பாறையில் விழும் மழையை நம்பி வாழும் புதர்க்காட்டையும் மேய்ச்சல் தரையையும் கொல்லையையும் கழனியையும் பார்க்க முடியாது. இவை அனைத்தையும் சேர்த்துப் பார்க்க எளிய வழி, ஏரிக்கரையில் தொடங்கி, நீர் வந்த வழியே மேல்நோக்கி நடப்பதுதான்.

முதலில் குன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் இருக்கும் குன்றுகளுக்கு வனத்துறையின் அனுமதியின்றிச் செல்வது குற்றமாகும். 2018 மார்ச்சில் குரங்கணி தீ விபத்தில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கான விதிமுறைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. பூண்டிக்கு அருகிலுள்ள குடியம் குகைகளைப் பார்க்க விரும்புவோர் அத்துறையின் இணையப் பதிவு வழியாகச் செல்வதே முறை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் திருக்கழுக்குன்றத்தையே பரிந்துரைப்பேன். செங்கல்பட்டு வரை புறநகர் ரயிலும் அங்கிருந்து பேருந்தும் இருக்கின்றன. குன்றின்மேல் கோயில் இருப்பதால் படிக்கட்டு உண்டு. ஊரைச் சுற்றி ஏரிகளும் கழனிகளும் இருக்கின்றன. இந்த நிலப்பகுதி ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்றது காரணமின்றியன்று.

காலத்தைப் பொறுத்தவரை, மார்கழி இறுதியிலிருந்து மாசித் தொடக்கம் வரையிலான வாரங்கள் சிறந்தவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். மழை பொய்க்காத ஆண்டாயின் ஏரி நிறைந்திருக்கும். சம்பா அறுவடைக்கு நிற்கும் அல்லது அறுவடையாகிக்கொண்டிருக்கும். சித்திரை, வைகாசியில் பாறையின் சூடு காலணியைத் தாண்டி ஏறும் என்பதால் அம்மாதங்களைத் தவிர்க்க வேண்டும்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் இரண்டு வரைபடங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒன்று, இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாள். அதில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். சமவுயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் சரிவு செங்குத்தாக இருக்கும். அவை மேட்டை நோக்கி வளைந்து நுழையும் இடத்தில் ஓடை இருக்கும். மற்றொன்று, தமிழ்நாடு அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ நிலப்பதிவு இணையதளத்தில் கிடைக்கும், ஒவ்வொரு புல எண்ணின் எல்லைகளையும் காட்டும் புல வரைபடம். அங்கேயே நிலத்தின் வகையைக் குறிக்கும் அ-பதிவேட்டைத் திறந்தால், நீங்கள் கடக்கப்போகும் நிலம் நன்செயா, புன்செயா, மேய்க்கால் புறம்போக்கா, கல்லாங்குத்தா (பயிரிட முடியாத பாறை நிலமா) என்பது தெரிந்துவிடும். பட்டா நிலத்தில் கேட்காமல் நுழைவதைத் தவிர்க்க இந்த ஒரு பார்வையே போதும்.

காலை ஆறரை மணிக்குள் ஏரிக்கரையில் இருக்க வேண்டும். கரையில் முதலில் தேட வேண்டியது கலங்கல், அதாவது ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிந்தோடும் கல்கட்டு. கலங்கலின் மட்டம்தான் ஏரியின் முழுக் கொள்ளளவைத் தீர்மானிக்கிறது. அந்த மட்டத்துக்குக் கீழே நீர் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தாலே அவ்வாண்டு மழையைப் பற்றி ஒரு கணிப்புக்கு வரலாம். அடுத்து மதகு. மதகிலிருந்து கிளம்பும் வாய்க்கால்கள் எந்தக் கழனிகளுக்குப் போகின்றனவோ அவையே அந்த ஏரியின் ஆயக்கட்டு. மதகைத் திறந்து மூடி நீரைப் பகிரும் நீர்க்கட்டி இன்னும் சில ஊர்களில் இருக்கிறார். அவரோ வேறு பெரியவரோ எதிர்ப்பட்டால், “மலைக்கு எப்படிப் போறது?” என்று கேட்பதைவிட, “ஐயா, இந்த ஏரிக்குத் தண்ணி எந்தப் பக்கமிருந்து வருதுங்க?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் கையால் ஒரு திசை காட்டப்படும். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் கூடவே வந்து காட்டுவார்கள்.

அவர்கள் காட்டும் வரத்துக்கால், அதாவது ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்தான் உங்கள் பாதை. கழனிப் பகுதியில் வரப்பின்மீது ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். நாற்றங்காலில் கால் படக்கூடாது. நெல் காயும் களத்துக்குள் காலணியுடன் நுழையக்கூடாது. சிறிது மேடேறியதும் நெல் மறைந்து வேர்க்கடலையும் எள்ளும் பயறும் விளையும் கொல்லைகள் தொடங்கும். மண்ணின் நிறமும் மாறும்: ஏரிக்கருகே காலில் ஒட்டும் களிமண்ணாக இருந்தது, மேலே போகப்போகப் பருமணலும் சரளையுமாகிவிடும். மழை இங்கேதான் விரைவாக உள்ளிறங்கிக் கிணறுகளுக்கு ஊறுகிறது. இப்பகுதியில் கைப்பிடிச் சுவரில்லாத பழைய கிணறுகள் புதருக்குள் மறைந்திருக்கும் என்பதால், குழந்தைகளுடன் வருவோர் தடத்தை விட்டு விலகவே கூடாது.

கொல்லைகளைத் தாண்டியதும் வரும் மேய்ச்சல் தரையை வெற்றிடமென்று நினைத்துப் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நடையின் பாதி நேரத்தை இங்கே செலவிடுங்கள் என்பேன். வயல்களில் பயிர் நிற்கும் மாதங்களில் ஊரின் ஆடுமாடுகளுக்குப் போக்கிடம் இதுதான். அறுவடை முடிந்ததும் அவை தாள் நிற்கும் கழனிக்கு இறங்கும், அங்கே கிடை போட்டால், அதாவது இரவில் அடைத்து வைத்தால், அடுத்த போகத்துக்கு எருவும் கிடைக்கும். ஆடு கடிக்கும் செடி எது, தொடாத செடி எது என்று சற்று நின்று பாருங்கள். சூரை, காரை, களா போன்றவை முள்ளால் தம்மைக் காத்துக்கொள்கின்றன. விராலியின் பிசுபிசுத்த இலையை ஆடு விரும்புவதில்லை. களாப்புதருக்குள் ஆட்டின் வாய் எட்டாத ஆழத்தில் வேம்போ பாலையோ கன்றாக முளைத்திருப்பதைக் கண்டால், காடு எப்படித் திரும்பி வருகிறது என்பதைக் கண்டதாகவே பொருள். சீமைக்கருவேலம் மட்டுமே அடர்ந்து நிற்கும் இடத்தில் இத்தகைய கன்றுகள் அரிதாகவே தென்படும்.

சரளைத் தரையில் ஆட்காட்டிப் பறவை கத்திக்கொண்டே தலைக்கு மேல் வட்டமிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சிறு குழி செய்து, கூழாங்கற்களின் நிறத்திலேயே புள்ளியிட்ட முட்டைகளை இடுகிறது. கோடை நெருங்கும்போது இது மிகுதி. வந்த தடத்திலேயே நாலைந்து அடி பின்வாங்கிச் சுற்றிப் போவதே சரி.

இனிப் பாறை. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் காணப்படும் கருநீலச் சாயல் கொண்ட பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவிலுள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையாலானது என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இப்பெயரிட்டார். உடைந்த பரப்பில் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பும், வெயிலும் மழையும் தின்ற மேற்பரப்பில் பழுப்புத் தோலும் இருக்கும். பகலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் நீரால் சிதைந்தும் இப்பாறை வெங்காயத் தோலைப்போல் அடுக்கடுக்காக உரிகிறது. உருண்டைப் பாறைகள் உருவாவது இப்படித்தான். உரிந்த தகடு தளர்ந்திருக்கக்கூடும் என்பதால், கையால் தட்டிப் பார்த்து, பொள்ளல் ஓசை கேட்டால் அதன்மேல் ஏறாதீர்கள். பாறைத் தொங்கலில் மலைத்தேனீ அடை தெரிந்தால் புகையும் நறுமணமும் உரத்த பேச்சும் ஆகா. கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கைவைக்க வேண்டாம். விரியன் தீண்டினால் கட்டுப் போடவோ கீறவோ செய்யாமல், கடிபட்டவரை அசையவிடாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

உச்சியில் செய்ய வேண்டியது ஒன்றே: ஏறி வந்த வழியைக் கண்ணால் திரும்பத் தேடுவது. பாறை, புதர், கொல்லை, கழனி, ஏரி என்ற வரிசை மேலிருந்து தெளிவாகத் தெரியும். இப்படி மேலிருந்து நிலத்தைப் பார்த்தே நாட்டை அளந்தவர்களும் உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே தொடங்கிய அடிக்கோட்டு அளவை (முக்கோணங்களுக்கு அடிப்படையான முதல் நேர்கோட்டை அளப்பது), அங்கிருந்து பெரும்பாக்கத்துக் குன்றை நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீண்டது. இந்தியாவையே முக்கோணங்களால் அளக்கும் பணிக்கு இத்தகைய சிறு குன்றுகள் போதுமானவையாக இருந்தன. திருக்கழுக்குன்றத்தில், சென்ற நூற்றாண்டின் இறுதிவரை உச்சிவேளையில் உணவுண்ண வந்த ‘கழுகுகள்’ உண்மையில் மஞ்சள்முகப் பாறுகள். இன்று உலக அளவில் அழியும் நிலையிலுள்ள இனமாக அவை பட்டியலிடப்பட்டிருக்கின்றன. இறங்கும் வழியில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தையும் பார்த்துவிடலாம்.

கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகள் வழியில் இருந்தால் அவற்றில் இறங்காதீர்கள். கரையிலிருந்து ஓரடி வைத்தாலே பல ஆள் ஆழம் இருக்கும்.

வீடு திரும்பியதும் நடந்த வரத்துக்காலைப் புல வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பதிவேட்டில் கால்வாய்ப் புறம்போக்கு என்றிருக்கும் இடத்தில் தரையில் வேலியோ மனைக்கற்களோ இருந்திருந்தால், புல எண்ணையும் படத்தையும் சேர்த்து, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். ஏரிகளிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஊராரையும் கையெழுத்திடச் சொல்வது நல்லது. மனுவுக்குரிய ஒப்புகைச் சீட்டை மறவாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.