871.6-இல் தெரிந்த பொய்க்கோடு

ட்ரோனில் ஏற்ற ஒரு சின்ன ஆஃப்னர் நிறமாலைமானி (வளைந்த ஆடிகள் கொண்ட, ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) செய்துகொண்டிருந்தேன். 400 முதல் 1000 நானோமீட்டர் வரை. பாதரச விளக்கைக் காட்டினால் 871.6-இல் இருக்கக் கூடாத ஒரு கோடு. சிதறல் ஒளி என்று நினைத்து உள்ளே கறுப்புப் பூச்சு அடித்தேன். கோடு போகவில்லை. அப்புறம்தான் உறைத்தது: 435.8-இன் இரு மடங்கு! ஒளியைப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடான கிரேட்டிங், ஒவ்வொரு நிறத்தையும் பல வரிசைகளாக அனுப்பும்; இரண்டாம் வரிசை, இரு மடங்கு அலைநீளத்துக்கான இடத்தில் விழும். அப்படி வந்த நீலம்தான் அகச்சிவப்பின் மேல் விழுந்திருக்கிறது.

டிடெக்டருக்கு முன்னால், நீண்ட அலைநீளப் பகுதியில், 550-க்குக் கீழே தடுக்கும் ஃபில்டர் வைத்தேன். அந்த ஃபில்டர் கண்ணாடியின் ஓரத்தை, 700 நானோமீட்டர் ஒளி விழும் இடத்தில் வைத்தது தப்பு. பயிரின் நலம் தெரியும் இடமே அதுதான். அங்கே நிழல் விழுந்தது. 620-க்கு நகர்த்தினேன். ஃபில்டர் வழியே வந்த ஒளியின் குவியம், அதன் கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு பின்னே தள்ளிப்போனது. மறுபகுதியிலும் அதே தடிமனில் வெறும் கண்ணாடி வைத்து, டிடெக்டரைப் பின்னே தள்ளினேன். சரியாகிவிட்டது.