நிக்கான் டி750 கேமரா பையா, இசட்6 கேமரா பையா? வாங்குவதற்கு முன் வீட்டிலேயே ஒப்பிடும் முறை

ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) டிஎஸ்எல்ஆரையும், உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸையும் ஒப்பிட முனைகிறவர்கள் பெரும்பாலும் லென்ஸ் இல்லாத இரண்டு பாடிகளை மட்டுமே அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். 2014-இல் வெளிவந்த நிக்கான் டி750 டிஎஸ்எல்ஆரைப் பல ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு, 2018-இல் வந்த இசட்6 மிரர்லெஸ் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்த அன்று மாலையே, என்னிடமிருந்த லென்ஸ்களில் இரண்டு ஆட்டோஃபோகஸ் செய்ய மறுத்தன. பையில் உள்ள அனைத்தையும் மேசையில் பரப்பிய பிறகே ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும் என்பதை அதற்குப் பின்பே உணர்ந்தேன்.

முதற்படி, லென்ஸ்களைக் கழற்றி அவற்றின் பின்புறத்தைப் பார்ப்பது. லென்ஸ் பொருந்தும் வளையமே மவுண்ட். டி750-இல் உள்ள நிக்கானின் எஃப் மவுண்டில் மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையே 46.5 மி.மீ. தொலைவு உண்டு, இசட்6-இன் இசட் மவுண்டில் அது 16 மி.மீ. மட்டுமே. மீதமுள்ள 30.5 மி.மீ. இடைவெளியை எஃப்டிஇசட் என்னும் அடாப்டர் நிரப்புகிறது. அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறைவதில்லை. ஆனால் அதற்குள் மோட்டாரும் இல்லை. டி750-இன் மவுண்ட் வளையத்தை உற்றுப் பார்த்தால் ஸ்க்ரூடிரைவர் முனை போன்ற சிறு கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களின் பின்புற உலோக வளையத்தில் திருகாணித் தலைபோன்ற பள்ளம் இருக்கும். அந்தக் கம்பி இந்தப் பள்ளத்தில் பொருந்திச் சுழன்றால்தான் லென்ஸ் ஃபோகஸ் ஆகும். என் 50 மி.மீ., 85 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸ்கள் இரண்டும் அந்த வகையே. அடாப்டரில் அவற்றின் அப்பர்ச்சரும் (ஒளி நுழையும் துளை) மீட்டரிங்கும் (ஒளியை அளப்பது) வேலை செய்தன. ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டியிருந்தது. ஏஎஃப்-எஸ் என்று பொறித்த லென்ஸ்களில் மோட்டார் உள்ளேயே இருப்பதால் அவற்றுக்கு இச்சிக்கல் இல்லை. பள்ளமுள்ள லென்ஸ்களை எண்ணி, அவற்றின் மாற்றுக்கு ஆகும் செலவைப் புதிய பாடியின் விலையோடு சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது எடை. பேட்டரியும் கார்டும் சேர்ந்து டி750 840 கிராம், இசட்6 675 கிராம். 165 கிராம் மிச்சம் என்று மகிழ்ந்தேன். ஆனால் எஃப்டிஇசட் அடாப்டரின் முதல் பதிப்பே 135 கிராம் இருந்ததால், பழைய லென்ஸ்களோடு கையில் மிஞ்சியது வெறும் 30 கிராம். இசட் மவுண்டுக்கென்றே செய்த லென்ஸுக்கு மாறும்போதுதான் தோள் உண்மையில் இளைப்பாறுகிறது: எஃப் மவுண்டின் 24-120 எஃப்/4ஜி 710 கிராம், இசட் 24-70 எஃப்/4 500 கிராம். 70 மி.மீ.-க்கு மேலான ஜூம் தேவையில்லை என்றால் மட்டுமே இது நியாயமான ஒப்பீடு.

பேட்டரியையும் கார்டையும் விரைவாகப் பார்த்துவிடலாம். சிபா (ஜப்பானிய கேமரா உற்பத்தியாளர் சங்கம்) அளவீட்டில் டி750 ஒரு சார்ஜில் 1230 படங்கள் தரும். இசட்6 310 தரும். தொடர்ச்சியாக எடுத்தால் இந்த எண்ணைத் தாராளமாகத் தாண்டும் என்றாலும், கூடுதலாக இரண்டு பேட்டரிகளுக்குக் கணக்கு வைப்பதே நல்லது. இசட்6-இல் எக்ஸ்க்யூடி என்னும் வேறு வகை மெமரி கார்டுக்கான ஒரே ஒரு ஸ்லாட்தான் இருப்பதால் உங்கள் எஸ்டி கார்டுகள் பயன்படா. இந்த ஒரு காரணத்துக்காகவே, புதிதாகத் தொடங்குகிறவருக்கு இரண்டு எஸ்டி ஸ்லாட் கொண்ட, நிக்கானின் இன்னொரு மிரர்லெஸ்ஸான இசட்5-ஐத்தான் நான் பரிந்துரைப்பேன்.

நண்பர் ஒருவருக்கு நேர்ந்த சிக்கலால் இன்னொரு சோதனையையும் இங்கே சேர்க்கிறேன். மண்டபத்தில் எல்இடி விளக்குகளின் கீழ் சைலன்ட் ஷட்டரில் (ஒலியில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்) எடுத்த அவருடைய படங்களில் குறுக்கே பட்டை பட்டையாக இருள் விழுந்திருந்தது. கேமரா பழுதாகிவிட்டது என்றே அவர் நினைத்துவிட்டார். எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால், அதற்குள் விளக்கு மினுங்கும்போது இப்படி நேர்கிறது. கடையில் சோதிக்கும்போதே எல்இடியின் கீழ் இரண்டு ஷட்டர்களிலும் ஒவ்வொரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டை தெரிந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தைக் குறைத்து எடுக்க வேண்டும்.