வரத்தைக் கண்டறிய ஒரு வேலையில் இறங்குங்கள்

வரம் என்றால் மற்றவர்களுக்கு உதவத் தேவன் ஒவ்வொருவருக்கும் தந்திருக்கும் திறமை. "எனக்கு என்ன வரம்?" என்று கேள்வித்தாள் நிரப்புவதில் பெரிய பலன் இல்லை. அதில் நமக்குப் பிடித்ததைத்தான் எழுதுவோம். பெற்ற வரத்தின்படி ஒருவருக்கொருவர் உதவச் சொல்கிறது 1 பேதுரு 4:10. ஆக, உதவி செய்யும் இடத்தில்தான் வரம் வெளிப்படும்.

முதலில் ரோமர் 12:6-8, 1 கொரிந்தியர் 12:28, யாத்திராகமம் 31:1-5 மூன்றையும் ஒரே நாளில் வாசியுங்கள். போதிப்பதோடு இரக்கம், பகிர்ந்துகொடுத்தல், உதவிகள், ஆளுகைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. தச்சும் உலோகமும் தெரிந்த பெசலெயேலைத் தேவன் தம் ஆவியால் நிரப்பினார். மைக் பிடிப்பவருக்கும் கீபோர்ட் வாசிப்பவருக்கும் மட்டுமே வரம் உண்டு என்று நம் சபைகளில் ஊறிப்போன எண்ணம் வேதத்துக்கு ஒவ்வாது.

அடுத்து, கடந்த ஓராண்டில் மற்றவர்கள் எதற்காக உங்களைத் தேடி வந்தார்கள் என்று எழுதுங்கள். மலாய் ஃபாரம் நிரப்பவா, மோட்டார் பழுது பார்க்கவா, மனசு விட்டுப் பேசவா? வீட்டில் ஒருவர், சபையில் ஒருவர், வேலையிடத்தில் ஒருவர் என மூவரிடம் கேளுங்கள். அம்மாவை மட்டும் கேட்டால் போதாது, அவருக்கு நீங்கள் எல்லாவற்றிலும் கெட்டிக்காரர்.

பிறகு ஒரே ஒரு வேலையை எட்டு வாரம் செய்துபாருங்கள். கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் தனியாக வாழும் ஒரு பெரியவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவதை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம். முடிந்ததும் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். அதனால் போகும்போதைவிடத் திரும்பும்போதுதான் கைத்தாங்கலுக்கு ஆள் வேண்டும். ஒருவரால் இதைத் தாக்குப்பிடிக்க முடியாது. நாளுக்கு ஒருவராக மூவர், அவசரத்துக்கு இன்னொருவர் வேண்டும். கார் ஓட்டுபவர் வேறு, அட்டவணை போட்டு முந்தின இரவே நினைவூட்டுபவர் வேறு, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பவர் வேறு, பெட்ரோலும் பார்க்கிங்கும் தன் செலவு என்று சத்தமில்லாமல் கொடுப்பவர் வேறு. யாருக்கு என்ன வரம் என்பது இரண்டே வாரத்தில் தெரிய ஆரம்பித்துவிடும். அன்பு மிகுதியில் இளநீரும் வாழைப்பழமும் வாங்கிப் போகாதீர்கள். அவற்றில் உள்ள பொட்டாசியம் சிறுநீரக நோயாளிக்கு ஆபத்து. எதைக் கொடுக்கலாம் என்று தாதியிடம் கேளுங்கள். பெரியவர் எந்த மதத்தவராக இருந்தாலும் உதவி ஒன்றே. அவர் கேட்டால் ஜெபியுங்கள், கேட்காதபோது பையிலிருந்து துண்டுப்பிரதியை எடுக்க வேண்டாம்.

நீங்கள் எடுத்த வேலை பிள்ளைகளுக்கு டியூஷன் என்றால் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். இதில் விதிவிலக்கே கூடாது.

அதிகம் சோர்ந்துபோகிறவர்கள் இரக்க வரம் உள்ளவர்கள்தான். இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. எல்லாவற்றையும் தானே சுமந்த மோசேக்கு பாரத்தைப் பலரோடு பகிர்ந்துகொள் என்று மாமன் எத்திரோ சொன்ன ஆலோசனையை யாத்திராகமம் 18-இல் வாசித்து, வாரத்தில் எத்தனை மணி நேரம் தர முடியும் என்பதை முதல் நாளே சபை மூப்பரிடம் சொல்லிவிடுங்கள்.

எட்டாம் வாரம் நிதானித்துப் பாருங்கள். களைப்பு வருவதால் வரம் இல்லை என்று ஆகாது. உதவி பெறுபவர்மேல் எரிச்சல் வருகிறதா, அவர் உங்களை மறுபடி கேட்கிறாரா என்று பாருங்கள். பொருந்தவில்லையென்றால் திடீரென நின்றுவிடாதீர்கள். அடுத்தவரை இரண்டு முறை கூடவே அழைத்துப்போய், மருந்துப் பட்டியலையும் உறவினரின் கைப்பேசி எண்ணையும் எந்த வாசலில் காரை நிறுத்த வேண்டும் என்பதையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.